என் மகள் கால்மேல் எந்தக் காரும் ஏறவில்லை

1

இதை எழுதலாம் என்று நான் முதலில் நினைத்தபோது என் மகள் பிரிசில்லாவுக்குப் பதினொரு வயது. இப்போது அவளுக்கு இருபத்து நான்கு. நடுவில் எத்தனை தடவை உட்கார்ந்து, தேதி போட்டு, "உறவின் ஜனங்களுக்கு" என்று ஆரம்பித்து, அதோடு கிழித்துப் போட்டேன் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். வெட்கம் ஒரு காரணம். அக்காவிடம் இருந்த பயம் இன்னொரு காரணம். இப்போது இரண்டும் போய்விட்டன. கோபம் மட்டும் இருக்கிறது. என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கடைசிவரை படித்தால் போதும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, தபால் கொண்டுபோய், வருகைப் பதிவேடு சுமந்தவன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. மனைவி சுகந்தி நர்ஸ். அவளுக்கு ஸ்காட்லாந்தில் வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. பெண்டாட்டி பின்னால் போனவன் என்று ஊரில் சொன்னீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். இது அதைப் பற்றியதல்ல.

இது ஒரு குழந்தைக்காக. பாளையங்கோட்டையில் என் அக்கா எஸ்தர் வீட்டில் அவள் பேத்தி ஜெஸ்ஸி இருக்கிறாள். ஒன்றரை வயது. இன்னும் எழுந்து நிற்கவில்லை. எதனால் என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது, சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. வாங்காததற்குக் காரணம் ஒரு கார். அப்படி ஒரு கார் கிடையவே கிடையாது. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

2

பிரிசில்லா பிறந்த அன்றே போட்டோ எடுத்து அனுப்பினோம். நீங்கள் முதலில் கேட்டது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை சுகமா என்று கேட்டவர்கள் இரண்டு பேர். மற்ற எல்லோரும் நிறத்தைக் கேட்டீர்கள். எஸ்தர் அக்கா போனில் பெருமூச்சு விட்டாள்.

"ஏலே, ஒன் நெறத்துல வந்திருக்குலே. பொட்டப்புள்ள. இனியாவது வெயில் படாம வளத்துரு. அந்த ஊரு நல்ல குளுந்த ஊருல்லா, பைய வெளுத்துரும்."

நான் கோபப்படவில்லை. தலையாட்டினேன். ஏனென்றால் நானும் உங்களில் ஒருவன். நம் ஊரில் வெயில் என்றால் என்ன? சித்திரை மாதம் வண்ணார்பேட்டைப் பாலத்தில் நடந்தவனுக்குத் தெரியும். நிழல் எங்கே என்று தேடுவதுதான் நம் பிறவிக்குணம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கும் தாய் முதலில் முந்தானையை அதன் முகத்தில் போடுவாள். அந்தப் பழக்கத்தை நான் விமானத்தில் ஏற்றி, வெயிலே இல்லாத ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

சுகந்திக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. பகலில் பிள்ளை என் கையில்தான். ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன். இந்த ஊரில் கோடை என்று ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த நாட்களில் வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளைப் புல்லில் உருட்டிவிட்டுக் கிடப்பார்கள். அதைப் பார்த்து, அறிவில்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு நான் தள்ளுவண்டியின் மூடியை இறக்கிவிடுவேன், அதன்மேல் ஒரு துண்டும் போடுவேன்.

இனி நான் சொல்வதுதான் இத்தனை வருஷமும் சொல்லாதது.

பிறந்த பிள்ளைகளைப் பார்த்துப் போக அரசாங்கத்திலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவாள். அவள் ஒரு சொட்டுமருந்துக் குப்பி கொடுத்தாள். வைட்டமின் டி. இந்த ஊர் வெயில் போதாது, நம்மைப் போலக் கறுத்த தோலுக்கு இன்னும் போதாது, தினமும் கொடு என்றாள். அக்காவிடம் போனில் சொன்னேன். "சொட்டெல்லாம் புட்டிப்பால் குடிக்க சவலைப் பிள்ளைகளுக்குலே. நம்ம பிள்ளைக்கு எதுக்கு? சூடு பிடிச்சிரும். கருப்பட்டி அனுப்புதேன், கேப்பக்கூழ்ல போட்டுக் குடு" என்றாள். உடன்குடிக் கருப்பட்டி பார்சலில் வந்தது. பிள்ளை விரும்பித் தின்றது. கன்னம் உப்பியது. சொட்டுமருந்தைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். ஒரு குப்பி அல்ல. கொடுத்த குப்பிகள் எல்லாவற்றையும்.

சுகந்தி வேலைக்குக் கிளம்பும்போது சொட்டு கொடுத்தாயிற்றா என்று கேட்பாள். ஆயிற்று என்பேன். நர்ஸ் கொண்டுவந்த படிவத்தில் "தினமும் கொடுக்கிறீர்களா" என்ற கட்டத்தில் ஆம் என்று நானே குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். காலையும் மாலையும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுகிறவன் இதைச் செய்தேன். நர்ஸாக இருக்கும் தாய்க்குத் தன் பிள்ளையின் உடம்பு தெரியாமல் போயிற்றா என்று நீங்கள் கேட்கக்கூடாது. அவள் தினமும் கேட்டாள். நான் தினமும் பொய் சொன்னேன்.

3

பிள்ளைக்கு ஒரு வயது ஆனபிறகு, சுகந்தி வீட்டில் இருக்கும் நாட்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எலும்பு அறை உண்டு. புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பழைய கல்லறைகள் வெளிப்பட்டால் எலும்புகளை அங்கே கொண்டுவருவார்கள். பல நூறு வருஷத்து எலும்புகள். பல் விளக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்துக் கழுவி, வலைத் தட்டில் காயவைத்து, எந்தக் குழியிலிருந்து வந்ததோ அந்தச் சீட்டு மாறாமல் வைப்பது என் வேலை. அங்கே பெரிய ஆராய்ச்சி அம்மா ஹெலன்.

ஊரில் இது தெரிந்ததும் அத்தான் (அக்காவின் வீட்டுக்காரர்) போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "மாப்ள, பொணங் கழுவவா கப்பலேறுன? நம்ம ஆத்தங்கரைத் தாழிக்குள்ள இருக்கவன்லாம் ஏழடி ஆளுவே. எலும்பு இரும்பு மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் எலும்பு வாழைத்தண்டுல்லா."

இதை நான் ஹெலனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாமிரபரணிக் கரைச் செம்மண்ணில் எலும்பு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டார். சிறுவயதில் தேரி மணல்மேட்டுப் பக்கம் உடைந்த முதுமக்கள் தாழிகளைப் பார்த்திருக்கிறேன், உள்ளே பெரும்பாலும் தூள்தான் என்றேன். அப்படியானால் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நானும் சொல்லமாட்டேன், உங்கள் அத்தானும் சொல்லக்கூடாது என்றார்.

அவர் பழக்கம் அது. ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லமாட்டார். மண்டையோட்டில் ஊசியால் குத்தியதுபோலச் சிறு துளைகள் இருக்கும். வைட்டமின் சி இல்லாமல் ரத்தம் கசிந்தாலும் அப்படி வரும், ரத்தசோகைக்கும் கண்குழிக் கூரையில் துளை வரும். எந்த இடத்தில் இருக்கிறது, தாடையில் உண்டா, தோள்பட்டையில் உண்டா என்று உடம்பு முழுவதையும் மேசையில் பரப்பிப் பார்த்தபிறகுதான் வாயைத் திறப்பார். அதுவும் "இருக்கலாம்" என்றுதான் எழுதுவார்.

ஒருநாள் ஒரு சிறு பிள்ளையின் எலும்புகளைக் கழுவினேன். இரண்டு வயது இருக்கும் என்றார்கள். தொடை எலும்பு இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. மண்பாரம் அழுத்தி வளைத்திருக்கிறது என்றேன் ஹெலனிடம், தெரிந்தவன் மாதிரி. மண் வளைப்பதும் உண்டுதான் என்றார். எலும்பை என் கையில் கொடுத்து, வளைவின் உள்பக்கத்தைத் தடவிப் பார் என்றார். தடித்திருந்தது. செத்த எலும்பு வளைந்தால் வெறுமனே வளையும். உயிரோடு இருக்கும் எலும்பு வளையும்போது, பாரத்தைத் தாங்க அந்தப் பக்கம் தன்னைத் தடித்துக்கொள்ளும் என்றார். உடைந்து ஒட்டிய எலும்பு வேறு. அதில் ஓரிடத்தில் கணு இருக்கும். இது இரண்டு காலிலும் ஒரே மாதிரி, பைய வளைந்தது.

பிறகு விலா எலும்புகளைக் காட்டினார். நெஞ்சுப் பக்கத்து நுனி ஒவ்வொன்றும் புடைத்து, கிண்ணம்போல விரிந்திருந்தது. உயிரோடு இருக்கும்போது நெஞ்சின் இரண்டு பக்கமும் வரிசையாக மணி கோத்ததுபோலக் கையில் தட்டும் என்றார். ரிக்கெட்ஸ். வெயில் படாமல், வைட்டமின் டி குறைந்து வருவது.

இந்தப் பிள்ளைக்கு ஏன் வெயில் கிடைக்கவில்லை என்று கேட்டேன். சீக்காளிப் பிள்ளை என்று யாரோ பிரியமாகப் போர்த்தி உள்ளேயே வைத்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்றார். "என்ன கிடைக்கவில்லை என்று எலும்பு சொல்லும். யார் தடுத்தார்கள் என்று சொல்லாது."

என் விரலுக்கு அந்த மணிவரிசை ஏற்கெனவே தெரியும். சனிக்கிழமைதோறும் பிரிசில்லாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது என் கட்டைவிரல் அதன்மேல்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை எலும்பு பலத்துவிட்டது, கருப்பட்டியின் சத்து என்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன்.

4

அன்று வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் சட்டையைக் கழற்றி நெஞ்சைத் தொட்டேன். மணிக்கட்டைப் பிடித்தேன், தடித்திருந்தது. நிறுத்திப் பார்த்தேன், கால் இரண்டும் வளைந்திருந்தன. சுகந்தியிடம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ரிக்கெட்ஸ்தான் என்றார்கள். மறுவாரம் பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்துவிட்டார். இந்த ஊரில் பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றார். வேண்டாம், என் இங்கிலீஷ் போதும் என்றேன். பிள்ளை எவ்வளவு நேரம் வெளியே இருக்கும் என்று கேட்டார். எனக்கு அது பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி இருந்தது; ஹெலன் சொன்னது நாக்குக்கு வரவில்லை, ஊர்ப் பழக்கம் முந்திக்கொண்டது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "ஒருநாள்கூட இல்லை, அம்மா. பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட வெயில் படவிட்டதில்லை." நல்ல தகப்பன் என்று எழுதிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டார். சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவர் சொட்டுமருந்துப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார், என் கையெழுத்தோடு.

அங்கேயே சொன்னேன். தொட்டியில் ஊற்றியதைச் சொன்னேன்.

அலுவலக அம்மா போனபிறகு சுகந்தி ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒரு வருஷம் எம் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொன்னீங்க?" அதன்பிறகு பல மாதம் என்னோடு ஜெபத்துக்கு உட்காரவில்லை. பிள்ளையை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எத்தனை படிவங்கள், எத்தனை கேள்விகள், மாதாமாதம் எத்தனை பேர் வந்து என் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தார்கள் என்பதை நீங்கள் அறியவேண்டும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள்.

மருந்து கொடுத்ததில் வலது கால் நேராகிவிட்டது. இடது கால் ஆகவில்லை. பத்து வயதில் அந்த எலும்பை அறுத்து நிமிர்த்தித் தகடு வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே நீளமான தழும்பு உண்டு. கொஞ்சம் சாய்ந்து நடப்பாள்.

5

அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோது தழும்பைப் பார்த்து நாலு பேர் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள், ஸ்காட்லாந்தில் ரோட்டைத் தாண்டும்போது கார் இடித்துவிட்டது என்று. நான் பேசாமல் இருந்தேன். சௌகரியமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மிகவும் சௌகரியமாக இருந்தது.

வருஷா வருஷம் அந்தக் கார் பெரிதாயிற்று. ஒருமுறை லாரி ஆயிற்று. டாக்டர்கள் கைவிட்டார்கள், உபவாச ஜெபத்தில் எழுந்தாள் என்று ஆயிற்று. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே இந்தக் கதையைச் சொல்லிக் கண்கலங்கினார்.

இந்த வருஷம் எங்கள் ஊர்க் கோயில் அசன விருந்துக்கு மூன்று பேரும் வந்திருந்தோம். பிரிசில்லா இப்போது தனி வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதில்லை. எனக்கு வரும் அவளுடைய செய்திகளில் தமிழ் என்று இருப்பது "அப்பா" என்ற ஒரு சொல்தான். அவளை அழைத்துவரவே கெஞ்ச வேண்டியிருந்தது. ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அக்கா மைக்கைப் பிடித்தாள். பிரிசில்லாவை எழுந்து நிற்கச் சொன்னாள். காரைச் சொன்னாள், ரத்தத்தைச் சொன்னாள், கர்த்தர் அற்புதம் செய்ததைச் சொன்னாள். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. பிறகு பந்தியில் சோறு பரிமாறும்போது ஒவ்வொரு பெண்ணாக வந்து என் மகளின் காலைத் தொட்டுக் கும்பிடாத குறை.

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. இலைக்கு முன்னால் என்னிடம் குனிந்து கேட்டாள்.

"அப்பா, எந்தக் கார்?"

சொன்னேன். அவள் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். ஆலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால் நின்று சொன்ன பொய் அது. அதற்கு ஆமென் சொன்ன வாய்களில் என் வாயும் ஒன்று.

6

மறுநாள் அக்கா வீட்டில்தான் ஜெஸ்ஸியைப் பார்த்தேன். அக்காவின் மகன் வேலைக்கும் மருமகள் பெனிட்டா கல்லூரிக்கும் போய்விட, பகலெல்லாம் பிள்ளை அக்கா கையில். ஏசி அறை, இரட்டைத் திரை. குழந்தை பவுடர் பூசி உட்கார்ந்திருந்தது. "பாத்தியா, பால் மாதிரி. வாசப்படிய தாண்டவிட்டதில்ல" என்றாள் அக்கா. அந்தக் குளிரிலும் பிள்ளையின் தலை வேர்த்திருந்தது. முத்தம் கொடுக்கத் தூக்கினேன். கை நெஞ்சில் பட்டது.

ஹெலன் சொல்லிக்கொடுத்தபடி ஓர் அடையாளத்தோடு நிற்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தேன். நிறுத்திப் பார்த்தேன், காலை ஊன்றமாட்டேன் என்றது. அப்போதும் இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டு, ரத்தம் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"ஏலே, ஒம் பிள்ளைய நொண்டியாக்குனது நீ" என்றாள் அக்கா. "இப்ப எம் பேத்திக்கு நோக்காடு சொல்லுத. வாய்ல நல்லது வராதா ஒனக்கு?"

"அப்ப கார் இடிக்கலன்னு ஒனக்கு நல்லாத் தெரியும்லா."

அக்கா பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தெரியும். யாருக்காகச் சொன்னேன்? ஒனக்காகத்தாம்ல சொன்னேன். கார்னு சொன்னா ஒம் பிள்ளைக்குப் பரிதாபம். உள்ளதச் சொன்னா ஒனக்குச் செருப்படி. எது வேணும்னு நீ அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா. வாயப் பொத்திட்டுத்தான நின்ன?"

உள்ளதைத்தான் சொன்னாள்.

"சொட்ட ஊத்தச் சொன்னது நாந்தான், அதையும் சொல்லு" என்றாள் பிறகு. "ஊர்ல ஒருத்தன் நம்பமாட்டான். போலே."

சுகந்தி அன்று மாலை பெனிட்டாவின் எண்ணை வாங்கி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். பதில் அவள் புருஷனிடமிருந்து வந்தது. மரியாதையான பையன். அம்மா எல்லாம் சொன்னாள் என்றிருந்தான். அந்த விபத்திலிருந்து மாமாவுக்கு மனசு சரியில்லை, எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் பயப்படுகிறார், நாங்கள் மாமாவுக்காக ஜெபிக்கிறோம் என்றிருந்தான். அதன்பிறகு எங்கள் எண்களிலிருந்து எந்த அழைப்பும் அந்த வீட்டுக்குள் போகவில்லை; தடை போட்டுவிட்டார்கள்.

பிரிசில்லா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தட்டுத் தடுமாறித் தமிழில் ஒன்று சொன்னாள். "அந்தக் கார் இருக்க வரைக்கும் அவங்க கேக்கமாட்டாங்கப்பா. எழுதுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க."

7

ஆகவே எழுதிவிட்டேன். நிறம் நிறம் என்று பிறந்த பிள்ளையின் தொட்டிலைச் சுற்றி நின்று பேசும் அத்தனை பேர்மேலும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது. ஆமென் சொன்னவர்கள்மேல் வெறுப்பாக இருக்கிறது. வெறுப்புக்கு ஆண்டவர் என்னிடம் கணக்குக் கேட்பார், கேட்கட்டும். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை நிற்கட்டும்.

பெனிட்டா, நான் டாக்டர் இல்லை. எலும்பு கழுவுகிறவன். என் விரல் தப்பாகவும் இருக்கலாம். குழந்தையின் சட்டையைக் கழற்றி நெஞ்சின் இரண்டு பக்கமும் நீயே தடவிப் பார். பிறகு டாக்டரிடம் போ. சின்ன வயதில் மருந்து கொடுத்தால் எலும்பு பெரும்பாலும் தானே நேராகிக்கொள்ளும். பிந்திவிட்டால் அறுக்க வேண்டி வரும். இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அந்த வீட்டுக்குப் பேச முடியாது. ஆனால் உங்களில் யாராவது ஒருவர் பெனிட்டாவின் கல்லூரியில் இருப்பீர்கள், அவள் தெருவில் இருப்பீர்கள், அவள் சபையில் பாடுவீர்கள். இதை அவள் கையில் சேருங்கள். சேர்க்கும்போது ஒன்றும் கூட்டவேண்டாம், ஒன்றும் குறைக்கவேண்டாம், உங்கள் கைச்சரக்காக ஓர் அற்புதம் சேர்க்கவேண்டாம். பாவம், மருந்து என்று தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காக ஒரு வரி போடவேண்டாம். தெரிந்துதான் ஊற்றினேன், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், தினமும் ஜெபம் பண்ணிக்கொண்டு. அந்த இடத்தை அப்படியே விடுங்கள். என்னைக் கழுவித் துடைத்து அனுப்பினால், இது வேறு எங்கோ ஒரு கெட்ட வீட்டில் நடந்தது என்று நினைத்து அவள் திரையை இழுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுவாள்.